ஒலிப்பதிவுக் கூடம் தொடங்கலாமா?

சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மூன்று வழிகளில் வருமானம் வருகிறது. பாடவும் வாசிக்கவும் வருபவரிடம் நேரக் கணக்கில் வாங்கும் கட்டணம் ஒன்று. பாட்டுக்குப் பின்னணி இசை செய்து கொடுக்கும் கூலி இன்னொன்று. பதிவான ஒலிகளைக் கலந்து, சீராக்கித் தரும் கூலி மூன்றாவது. தொழிலில் இருப்பவர்கள் இவற்றை ரெக்கார்டிங், டிராக் போடுவது, மிக்ஸிங் என்பார்கள். ஒரு காலத்தில் மூன்றும் ஒரே கட்டடத்தில்தான் நடக்க முடிந்தது. இன்று டிராக்கும் மிக்ஸிங்கும் ஒரு கணினியோடு வீட்டு அறையில் முடிந்துவிடுகின்றன. தனியாகச் சுவர் எழுப்பி, கதவு போட்டுச் செலவழிக்கும் தேவை ரெக்கார்டிங்குக்கு மட்டுமே மிச்சமிருக்கிறது. ஆகவே தொடங்கலாமா என்று யோசிப்பவர் மூன்று வேலைகளையும் ஒன்றாகக் குழப்பாமல், தன் ஊரைச் சுற்றி எந்த வேலைக்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

குருவிநத்தத்தில் தொடங்க நினைப்பவரை எடுத்துக்கொள்ளலாம். குருவிநத்தம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தெற்கு ஓரத்தில், பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய நெல் விளையும் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பாகூரிலிருந்து புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; கடலூர் அதைவிடப் பக்கம். பணம் உள்ள இசைத்தொகுப்புக்காரர் சென்னைக்குப் போவார், நடுத்தரச் செலவில் முடிக்க நினைப்பவர் புதுச்சேரியிலோ கடலூரிலோ முடிப்பார். இரண்டு நகரங்களையும் தாண்டி ஒருவர் குருவிநத்தத்துக்கு வந்து பாட வேண்டுமென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். விலை குறைவு என்ற காரணம் நீண்ட நாள் நிற்காது, ஏனென்றால் அதைவிடக் குறைந்த விலைக்கு யாரோ ஒருவர் தன் கைபேசியிலேயே செய்து கொடுத்துவிடுவார். நிற்கக்கூடிய காரணம் அருகாமை. அதாவது, நகரத்துக்குப் போகவே முடியாத, அல்லது போனால் தம் இயல்பை இழந்துவிடும் கலைஞர்கள் பக்கத்தில் இருப்பது.

யார் பணம் கொடுப்பார்?

பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் ஒலிப்பதிவுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இல்லை. திருவிழா நாட்காட்டியை ஒட்டி வருகிறது. ஆடியில் மாரியம்மன் கோயில்களில் சாகை வார்த்தல், செடல் விழாக்கள் வரும். அந்தந்த ஊர் அம்மன் பெயர் சொல்லும் பாட்டு விழாவுக்கு முன்பே ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று இளைஞர் குழுக்கள் விரும்புவதால், வேலை ஆனி மாதமே வந்து சேர வேண்டும். ஆடி பிறந்த பிறகு வரும் வேலை அவசர வேலை. அதில் திருத்தத்துக்கு நேரமிருக்காது, பேசிய காசும் முழுதாக வராது. ஐயப்ப பக்திப் பாடல்களுக்கு ஐப்பசி. கிறிஸ்தவப் பாடல் தொகுப்பு செய்பவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி அக்டோபரிலும், வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத் திருவிழாவை ஒட்டிக் கோடையின் தொடக்கத்திலும் வருவார்கள். தை, மாசியில் பள்ளி ஆண்டு விழாக்கள். பல பாட்டுகளை வெட்டி ஒட்டி நடனத்துக்கு ஏற்றபடி ஆக்கித் தரும் கட் சாங் வேலை அப்போது குவியும். சிறிய தொகை, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடியும், கூடமே தேவையில்லை. கடைத் திறப்புக்கு ஆட்டோவில் வைத்து ஓட்டும் விளம்பரக் குரல், குறும்படத்துக்கு டப்பிங், தேர்தல் காலத்தில் பிரசாரப் பாட்டு ஆகியவை இடையிடையே வரும். தேர்தல் வேலையில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு கேட்டு வாங்குவது வென்றவரிடமும் கடினம், தோற்றவரிடமும் கடினம்.

இந்தப் பட்டியலில் சில வேலைகள் கண்ணெதிரே சுருங்கி வருகின்றன. பாட்டின் வரியையும் வகையையும் எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்களில் முழுப் பாட்டையே செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. பிறந்தநாள் பாட்டு, கடை விளம்பரம், ஆட்டோ அறிவிப்பு போன்றவற்றை நம்பி ஐந்தாண்டுக் கடன் வாங்குவது ஆபத்து. உள்ளூர்க் குரலையும் உள்ளூர் வாத்தியத்தையும் அந்தச் செயலிகளால் தர முடியாது. அம்மன் முன்னால் பம்பை அடிப்பவரின் பதிவு வேண்டும் என்று கேட்கும் ஊருக்கு வேறு எதையும் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

யூடியூபில் ஏற்றிப் பணம் பார்க்கலாம் என்ற கணக்கையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது குறும்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகளும் வேண்டும். அதை எட்டிய பிறகும் வரும் தொகை, ஒரு பாட்டைப் பதிவு செய்ய வாங்கும் கூலியை எட்டப் பல மாதம் ஆகும். சேனல் ஊருக்குக் கூடத்தை அறிமுகம் செய்யும். வரவுசெலவுக் கணக்கில் அதன் வருமானத்தைச் சுழியம் என்றே எழுத வேண்டும்.

கலைஞர் வருவாரா, கருவி போகுமா?

ஒலிப்பதிவுத் தொழில் இந்தியாவுக்குள் வந்தது கட்டடமாக அல்ல. 1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கருவிகளைக் கப்பலில் கொண்டுவந்து, கல்கத்தாவில் ஒரு விடுதி அறையைத் தற்காலிகக் கூடமாக மாற்றிக்கொண்டு பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். கூடங்கள் எழுந்தது அதற்குப் பிறகு, தேவை உறுதியான ஊர்களில். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் 1950 ஜனவரியில் சிறிய பதிவுக் கூடம் ஒன்றைத் திறந்தபோது, திருமணம், இறுதிச் சடங்கு என்று அழைத்த இடத்துக்கெல்லாம் கருவியோடு போய்ப் பதிவு செய்துதான் வாடகை கட்டினார். 1953இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற இளைஞர் ஏறத்தாழ 4 டாலர் கொடுத்துத் தன் குரலைப் பதிவு செய்துகொள்ள அங்கே வந்தார். பிற்பாடு அந்தப் பாடகர் நாடெங்கும் பெயர் பெறத் தொடங்கிய நிலையிலும் பிலிப்ஸுக்குப் பண நெருக்கடி தீரவில்லை. 1955இல் பாடகரின் ஒப்பந்தத்தையே 35,000 டாலருக்குப் பெரிய நிறுவனத்துக்கு விற்றார். நல்ல காதும் பெரிய பாடகரும் இருந்தும் சிறிய கூடத்தில் ரொக்கம் தங்காது என்பதற்கு அது போதிய சான்று.

சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டித் தொடங்கிய பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தைப் பார்த்துப் பலர் ஊக்கம் கொள்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூடம் எழுந்தபோது அவருக்கு விளம்பர இசை வேலை ஏற்கெனவே கையில் இருந்தது. ‘ரோஜா’ வந்தது 1992இல். கூடத்தைத் தாங்கியது சினிமா பற்றிய கனவு அல்ல, ஒழுங்காக வந்துகொண்டிருந்த சின்ன வேலை. குருவிநத்தத்தில் தொடங்க நினைப்பவரும் இதே வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் வேலை, பிறகு சுவர்.

இந்த வட்டாரத்தில் அந்த முதல் வேலை வெளியில் இருக்கிறது. தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளலாம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் இரவு முழுக்கக் கூத்து நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டுக் கலைஞர்கள் எல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து, ஆடுபவரின் காலையும் முகத்தையும் பார்த்துப் பார்த்து வாசிப்பார்கள். இந்தக் குழுவைக் குளிரூட்டிய சிறிய அறைக்குள் கொண்டுவந்து, ஹெட்போன் மாட்டி, மிருதங்கத்தைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பதிவு செய்தால் கிடைப்பது உயிரற்ற ஒலி. திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி எடுக்கும் குரல் நான்கு சுவருக்குள் வேறு குரலாகிவிடுகிறது. பம்பை, உடுக்கையோடு அம்மன் வரவழைப்புப் பாடுபவர்களுக்கும், ஒப்பாரி பாடும் பெண்களுக்கும் இது பொருந்தும். இவர்களை அவர்கள் பாடும் இடத்தில், அவர்கள் பாடும் நேரத்தில் பதிவு செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அது நகரத்துக் கூடங்கள் செய்ய மெனக்கெடாத வேலை. கூத்துக் குழுக்களுக்கு அதனால் நேரடிப் பயனும் உண்டு. அடுத்த ஊர் விழாக்குழுவிடம் ஒப்பந்தம் பேசும்போது கையில் காட்ட நல்ல பதிவு ஒன்று இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வாத்தியாரின் பாடமுறை அப்படியே கிடைக்கும்.

வெளிப் பதிவுக்குத் தேவையான கருவி ஒரு முதுகுப்பையில் அடங்கும்: நான்கு தடம் பதிவு செய்யும் கையடக்க ரெக்கார்டர், இரண்டு கண்டென்சர் மைக், இரண்டு டைனமிக் மைக், தாங்கிகள், காற்றுத் தடுப்புக்கான பஞ்சு உறைகள், உபரி மின்கலங்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் ரெக்கார்டரிலிருந்தே போக வேண்டும் என்பதை வாங்கும்போதே சரிபார்க்க வேண்டும். நாகஸ்வரம், தவில், பறை, பம்பை போன்ற உரத்த வாத்தியங்களுக்குப் பக்கத்தில் டைனமிக் மைக்கே பாதுகாப்பு; கண்டென்சர் மைக்கைத் தள்ளி, உயரத்தில் நிறுத்தி மொத்தக் குழுவின் ஒலியை எடுக்கலாம். விழா நாளில் மைக்செட்காரரின் ஒலிபெருக்கி பதிவுக்குள் நுழைந்து கெடுக்கும். அவரிடம் முன்னதாகவே பேசி, அவருடைய மிக்சரிலிருந்து ஒரு தடம் வாங்கிக்கொள்வதும், கூம்பு ஒலிபெருக்கிகளைப் பாடுமிடத்திலிருந்து விலக்கிக் கட்டச் சொல்வதும் பாதி வேலையை முடித்துவிடும். விழா முடிந்து மழைக்காலத்தில் குழுவினர் ஓய்வாக இருக்கும்போது, கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ அமரவைத்து இரண்டாவது பதிவு எடுப்பது இன்னும் தெளிவாக வரும்.

அறை

வேலை கைக்கு வந்த பிறகு அறை பற்றிய யோசனை. கிராமம் அமைதியானது என்று நம்பி இடம் பிடிப்பவர்கள் முதல் மாதமே ஏமாந்துபோவார்கள். நீரிறைக்கும் மோட்டார், டிராக்டர், அறுவடை இயந்திரம், ஆடி மாதக் கூம்பு ஒலிபெருக்கி, தகரக் கூரைமேல் மழை, ஏரிக்கும் வயலுக்கும் பக்கத்தில் மழைக்கால இரவுகளில் நிற்காத தவளைக் கூச்சல். இவற்றில் எதையும் தடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. கருதும் அறையில் ஒரு சாதாரண நாளும், ஒரு விழா நாளும் முழு நேரப் பதிவு ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தால், எந்த நேரங்களில் பாட்டு எடுக்க முடியும் என்பது தெரிந்துவிடும்.

வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதும், உள்ளே எழும் ஒலி எதிரொலிக்காமல் அடக்குவதும் இரண்டு தனி வேலைகள். சுவரில் ஒட்டும் பஞ்சுப்பலகை இரண்டாவதைத்தான் செய்யும், அதையும் அரைகுறையாக. ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடை இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபெல் தடுப்பு கூடும். ஆகவே பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள சாதாரண வீட்டு அறையே நல்ல தொடக்கம். ஓட்டை இருக்கும் இடங்கள் கதவும் ஜன்னலும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியை, விளிம்பெங்கும் ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் கனமான கதவுக்குச் செலவழிப்பது சரி. தேவையில்லாத ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம்.

அறையின் அளவும் முக்கியம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் மூன்று திசைகளிலும் ஒரே கீழ்ச்சுருதி, ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும்; தவிலின் தொப்பியும் பம்பையின் கீழ் ஒலியும் அங்கே ‘பொம்’ என்று வீங்கும். மூன்று அளவுகளும் வேறுவேறாக, 14க்கு 11க்கு 9 அடி போல அமைந்தால் அந்தக் குவிப்பு பரவிப்போகும். மெல்லிய பஞ்சு மேல்சுருதிகளை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ்ச்சுருதியை அப்படியே விட்டுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டரளவு இருக்கும்போது ஒரு அங்குலப் பஞ்சு என்ன செய்யும்? நான்கு அங்குலமோ அதற்கு மேலோ தடித்த ராக்வூல் பலகைகளைத் துணியில் பொதிந்து, சுவரிலிருந்து சற்று விலக்கி, மூலைகளில் நிறுத்த வேண்டும். முட்டை அட்டைகளை ஒட்டுவது வீண், எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. சோதனைக் காலத்துக்குக் கனமான ஜமுக்காளமும் மெத்தையும் போதும்.

தென்பெண்ணைக் கரையில் இருப்பவர் வெள்ளத்தை விட்டுவிட்டுக் கூடத்துக்குத் திட்டமிட முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் ஆறு கரைபுரண்டு பாகூர் வட்டாரத்தின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பல நாட்கள் மின்சாரமே இல்லை. தரைமட்டத்தை அக்கம்பக்கத்தில் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மேல் வைப்பதும், மின் இணைப்புப் புள்ளிகளை இடுப்புக்கு மேல் அமைப்பதும், கருவிகளைத் தரையில் வைக்காமலிருப்பதும் முதல் பாதுகாப்பு. பதிவுகள் கருவிகளைவிட மதிப்புள்ளவை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் தடங்களை ஒரு மணி நேரம் பதிவு செய்தால் ஏறத்தாழ 4 ஜிகாபைட் ஆகும். அதன் ஒரு பிரதி ஊருக்கு வெளியே உறவினர் வீட்டில் ஒரு வட்டிலாவது இருக்க வேண்டும்.

மின்வெட்டில் பதிவு அறுந்துபோகாமலிருக்க யூபிஎஸ் கட்டாயம். குளிரூட்டி கட்டாயமில்லை என்று சித்திரை வெயிலில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாடும்போது அதை நிறுத்த வேண்டியிருக்கும், ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அறையைக் குளிர்விக்க இடைவெளி விட்டு நேரத்தைத் திட்டமிட வேண்டும். இன்னொன்று: கிராமத்தில் பாட வருபவர் தனியாக வருவதில்லை. பாடுபவரோடு வீட்டார், குழுவினர் என்று ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்கள் உட்கார வெளியே நிழலான திண்ணையும், குடிநீரும், சுத்தமான கழிப்பறையும் இருந்தால் பெண்கள் தயங்காமல் பாட வருவார்கள். பல சிறிய கூடங்களுக்குப் பெண் குரல்கள் கிடைக்காததற்கு இந்த வசதி இல்லாததே காரணம்.

கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்டவை. அவரவர் உள்ளூர் விலையை இட்டு மீண்டும் போட வேண்டும். அறை வேலை, கணினி, ஆடியோ இன்டர்பேஸ், மைக்குகள், மானிட்டர் ஒலிபெருக்கி, யூபிஎஸ், குளிரூட்டி எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 3 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்தாண்டு தவணை என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,500 ரூபாய். மின்சாரம் 2,700, இணையம் 800, பழுதுக்கும் மாற்றுக் கருவிக்கும் ஒதுக்குவது 3,000, பயணம், தேநீர் 1,000. மொத்தம் 14,000. நடத்துபவர் தனக்கு 18,000 ரூபாய் சம்பளம் எடுத்தால் மாதம் 32,000 வர வேண்டும். பலர் இந்தச் சம்பளத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் ஏன் கையில் ஒன்றுமில்லை என்று திகைக்கிறார்கள்.

டிராக், பதிவு, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டுக்கு 4,000 ரூபாய் என்றால் மாதம் எட்டுப் பாட்டு தேவை. ஒரு பாட்டு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது? டிராக் போட எட்டு மணி, பாட மூன்று, மிக்ஸிங் ஐந்து, வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டுச் சொல்லும் திருத்தங்களுக்கு மூன்று. மொத்தம் 19 மணி நேரம், ஏறத்தாழ இரண்டரை நாள். எட்டுப் பாட்டுக்கு 20 வேலை நாள் போய்விடும். அதாவது கூடம் நிறைந்து ஓடினால்தான் அந்தச் சம்பளமே கிடைக்கும். நான்கு பாட்டு மட்டும் வரும் மாதத்தில் செலவு போக 2,000 ரூபாய்தான் மிஞ்சும். புரட்டாசியும் மார்கழியும் எப்படி இருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். திருத்தத்துக்கு வரம்பு வைப்பது இந்தக் கணக்கில் பெரிய மாற்றத்தைத் தரும்: இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதே ஆள் சொந்தப் பணம் ஒரு லட்சத்துக்குள், வெளிப் பதிவுக் கருவியும் ஏற்கெனவே உள்ள கணினியும் வைத்து, கடனில்லாமல் தொடங்கினால் மாதச் செலவு இணையம், மின்சாரம், பயணம், பழுது ஒதுக்கீடு சேர்த்து 5,500 ரூபாய்க்குள் நிற்கும். இரண்டு வேலை வந்தால் செலவு கழிந்துவிடும். வேலையே இல்லாத மாதம் வந்தாலும் தாங்கலாம். மென்பொருளுக்கும் பெரிய செலவு தேவையில்லை. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் சிறு தொழிலுக்கான உரிமம் 60 டாலர்தான், அதுவும் முழுத்திறன் கொண்டது. திருட்டுப் பிரதிகளை வைத்துத் தொழில் நடத்துவது சட்டத்துக்கு விரோதம் என்பதோடு, பாதிப் பாட்டில் கணினி நின்றுபோகவும் அதுவே அடிக்கடி காரணம்.

அரசு உதவி வேண்டுமென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவுக்குக் கடன் கிடைக்கும். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றோருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. வரம்புகள் அவ்வப்போது மாற்றப்படுபவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியை மாவட்டத் தொழில் மையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மானியம் உடனே கைக்கு வருவதில்லை; மூன்றாண்டு வங்கியில் வைப்பாக நின்று, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் திட்டத்தைப் பெரிதாக்குவது ஆபத்தான பழக்கம். மானியம் வாடிக்கையாளரைக் கொண்டுவராது.

உரிமமும் உரிமையும்

தொழில் நடத்த கொம்யூன் பஞ்சாயத்தின் வணிக உரிமம் வேண்டும். வீட்டிலேயே நடத்தினால் மின் இணைப்பின் கட்டண வகை மாறும் என்பதால் மின்துறையிடம் முன்பே பேசிவிட வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூரிலிருந்து வரும் வேலை மாநில எல்லை தாண்டிய சேவையாகவே இருந்தாலும், இந்த வரம்புக்குள் இருப்பவருக்கு அதற்காகத் தனிப் பதிவு தேவையில்லை.

உரிமையில்தான் சிக்கல் அதிகம். பிரபலமான சினிமா மெட்டில் அம்மன் பாட்டோ ஐயப்பன் பாட்டோ எழுதிக்கொண்டு வருபவர்கள்தான் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டின் உரிமை இசையமைத்தவரின் வாழ்நாளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பழைய பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்யச் சட்டத்தின் 31சி பிரிவு ஒரு வழி தருகிறது: முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகை கட்ட வேண்டும். சிறிய கூடத்துக்கு அந்தத் தொகையே எட்டாது. தவிர, வரியை மாற்றிப் பாடுவது அந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே சினிமா மெட்டு வேலை வந்தால், பணிவாகப் பேசி, புதிய மெட்டு ஒன்று போட்டுத் தருவதாகச் சொல்வதே நல்ல வழி. ஏற்றியவுடன் யூடியூப் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து முடக்கிவிட்டால் ஊரில் கெட்ட பெயர் கூடத்துக்குத்தான்.

பதிவின் உரிமை, அதைச் செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவருக்கு. காசு கொடுத்துப் பதிவு செய்துகொண்டவர் வாடிக்கையாளர் என்றால் உரிமை அவருடையது. கூடம் தன் சேனலில் ஏற்ற அவருடைய அனுமதி வேண்டும். கூடமே தன் செலவில் ஒரு கூத்துக் குழுவைப் பதிவு செய்தால் பதிவின் உரிமை கூடத்துக்கு வரும். ஆனால் பாடி வாசித்தவர்களுக்குக் கலைஞர் உரிமை 50 ஆண்டு உண்டு. கூத்துப் பாட்டு பொதுச்சொத்து என்று சொல்லிக்கொண்டு, பாடியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் பதிவை விற்பது சட்டப்படியும் தவறு, கலைஞரின் பிழைப்பில் கைவைப்பதும்கூட. ஒரு பக்கத்துத் தமிழ் ஒப்பந்தம் போதும்: யார் யார் பாடினார்கள், எவ்வளவு கொடுக்கப்பட்டது, எங்கெல்லாம் வெளியிடலாம், வருமானம் வந்தால் பங்கு எப்படி. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தைப் பதிவிலேயே குரலாகவும் எடுத்து வைக்கலாம்.

சோதனைக் காலம்

முடிவு எடுப்பதற்கு ஆறு மாதம் ஒதுக்குவது நியாயம். அதில் ஆனி, ஆடி அல்லது ஐப்பசி, கார்த்திகை என ஒரு நெருக்கமான பருவமும், ஒரு வெறும் பருவமும் அடங்கியிருக்க வேண்டும். பருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு ஏமாற்றும். அந்த ஆறு மாதமும் வெளிப் பதிவும், வீட்டில் மிக்ஸிங்கும் மட்டுமே. தனிக்குரல் பாட்டு வந்தால் நகரத்துக் கூடத்தை மணி வாடகைக்கு எடுத்துக் குரலை மட்டும் பதிவு செய்துகொண்டு வரலாம். வாடகை கொடுத்தும் மிஞ்சுகிறதா என்பது சொந்த அறையின் தேவையைத் துல்லியமாகக் காட்டும். வாத்தியம் வாசிக்க ஆள் தேவைப்பட்டால் அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்களிடமும், ஊர்க் கோயில்களில் வாசிக்கும் கலைஞர்களிடமும் கூலி பேசலாம். வந்த ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு பேசினோம், எவ்வளவு கைக்கு வந்தது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

ஆறு மாத முடிவில் தெரிந்தவரும் உறவினரும் அல்லாதவர்களிடமிருந்து மாதம் சராசரி ஐந்து வேலையாவது வந்திருந்தால், அதில் பாதிக்குமேல் குரல் பதிவாக இருந்தால், அறை கட்டலாம். வெளிப் பதிவும் மிக்ஸிங்குமே அதிகம் வந்திருந்தால் அறைக்கு வைத்த பணத்தில் நல்ல மைக்குகள் வாங்கித் தொழிலை அப்படியே விரிவாக்குவது புத்திசாலித்தனம். மாதம் ஒன்றிரண்டு வேலைதான் வந்திருந்தால் வேறு வேலையோடு சேர்த்துப் பகுதிநேரமாக வைத்துக்கொள்ளலாம், அல்லது நிறுத்திவிடலாம்.

நிறுத்துவதாக இருந்தால் எது திரும்பக் காசாகும் என்பதைத் தொடங்கும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெயர் பெற்ற மைக்குகளும் இன்டர்பேஸும் பழையதானாலும் பாதி விலைக்காவது போகும். கணினி விரைவில் விலையிழக்கும். சுவருக்கும் கதவுக்கும் ராக்வூலுக்கும் போட்ட பணம் திரும்பாது. வாடகைக் கட்டடத்தில் கட்டியிருந்தால் பெயர்த்தெடுக்கவும் செலவாகும். மானியக் கடனில் தொடங்கியவர் மூன்றாண்டுக்குள் மூடினால் மானியத்தையும் இழப்பார். பதிவுகளை மட்டும் விற்கவோ அழிக்கவோ கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் அவரவர் பதிவுகளை, கலக்காத தனித்தடங்களோடு, ஒரு வட்டில் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய பிறகே கணினியை விற்க வேண்டும்.